படித்துக் காட்டப்பட்டது

லோத்குண்டா,
8 ஜனவரி 2024

மைதிலி,

நாலு நாளாக போன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. சரி, தபால்காரருக்காவது கதவைத் திறப்பாய் என்று எழுதுகிறேன். ஸ்பீட் போஸ்ட், கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். மற்றவர்களைக் கையெழுத்துப் போட வைக்கிறவள் நீ, ஒரு தடவை நீயும் போடு.

எட்வினை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இது உனக்குப் புதுச் செய்தி இல்லை. உங்கள் ஆலையில் எந்த உத்தரவும் உன் மேஜையைத் தாண்டாமல் போகாது. முப்பது வருஷ சர்வீஸ் ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. என் தம்பி அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஆலையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தான். மாடிக்கு அவன் பெண்டாட்டியிடம் போகாமல் நேராக என் சமையலறைக்கு வந்து, "ஸ்டெல்லாக்கா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் சொல்லு" என்றான். அவனுக்கு எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் வரும், ஆனால் ஆபீஸ் இங்கிலீஷ் வராது. அதற்கு ஒரு அக்கா இங்கேயும் ஒரு அக்கா ஆபீஸிலும் இருக்கிறோம் என்ற தைரியம்தான் இத்தனை வருஷமும்.

உத்தரவோடு அவனுடைய வாக்குமூலத்தின் நகலும் இருந்தது. ஃபர்னஸ் விபத்து பற்றி அக்டோபர் பதினொன்றாம் தேதி விசாரணைக் குழு முன்னால் அவன் சொன்னது. நாலாவது வரியிலேயே யார் எழுதியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "ஐ வாஸ் எ மியர் காக் இன் தி வீல்" என்று என் தம்பி சொன்னானாம். "இட் இஸ் நாட் ஃபார் ஸ்மால் ஃப்ரை லைக் அஸ் டு க்வெஸ்சன் தி பவர்ஸ் தட் பி" என்றும் சொன்னானாம். எட்வின் வாயில் ஸ்மால் ஃப்ரை. அவனுக்குத் தெரிந்த ஃப்ரை கோழி ஃப்ரை ஒன்றுதான்.

அவன் என்ன சொன்னான் என்று நான் அவனையே கேட்டேன். அப்படியே எழுதுகிறேன்: "ஜகதீசன் சார்தான் போன் பண்ணாரு. காலைல ஒன்பதே கால் இருக்கும். ஃபர்னஸ் கதவு சுவிட்ச் ரெண்டு நாளா வேலை செய்யல சார், கதவு சரியா மூடலன்னாலும் தெரியாதுன்னேன். அந்த சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டிட்டு ஓட்டு, சரக்கு லாட் இன்னிக்கே போகணும்னாரு. நக்கோ சார்னு சொன்னேன். நான் சொல்றேன்லன்னு போனை வெச்சுட்டாரு. கட்டினது நான்தான். என் கையாலதான் கட்டினேன்."

இதில் ஒரு அதிகாரியின் பேர் இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது, அவன் செய்த தப்பும் ஒளிக்காமல் இருக்கிறது. நீ எழுதிய காகிதத்தில் பேரும் இல்லை, நேரமும் இல்லை. தப்பு மட்டும் இருக்கிறது. அதனால்தான் குழு என்ன எழுதியிருக்கிறது பார்: எந்த அதிகாரியையும் குறிப்பிட்டுச் சொல்ல முடியாமல், பொத்தாம் பொதுவாக மேலிடத்தின் மேல் பழி போடுகிறாராம்.

கடைசியில் ஒரு வரி. மேற்கண்ட வாக்குமூலம் எனக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டப்பட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். கீழே எட்வின் கையெழுத்து. அதற்குக் கீழே, மொழிபெயர்த்துப் படித்துக் காட்டியவர் என்று உன் கையெழுத்து.

படித்துக் காட்டினாயா, மைதிலி? இது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்.

ஸ்டெல்லா

*

ஹப்சிகுடா,
17 ஜனவரி 2024

அன்புள்ள ஸ்டெல்லா,

பொங்கலுக்குத் தேஜஸ்வினியும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். அதனால் தாமதம். போனை எடுக்காததற்கு வேறு காரணம் தேடாதே. விசாரணை சம்பந்தப்பட்ட ஊழியரின் உறவினரோடு நான் பேசக் கூடாது. அது விதி. இந்தக் கடிதமே விதிக்குப் புறம்பானது.

எட்வினுக்கு நேர்ந்தது எனக்கு வருத்தம்தான். அவன் அப்ளிகேஷனை 1993ல் நிரப்பியவள் நான். நாம் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது உங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு மாதம் அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். அவன் கெட்டுப்போக வேண்டும் என்று நான் நினைப்பேனா?

நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வாக்குமூலம் என்பது பேச்சு அல்ல. ஒருவன் பதற்றத்தில் முன்னும் பின்னுமாகச் சொல்வதை அலுவலக ஆங்கிலத்தில் ஒழுங்கு செய்து தருவது என் வேலை. வேண்டாம் என்பதற்கு அவன் சொல்லும் நக்கோவை எந்தக் கோப்பில் எழுத முடியும்? அவன் தாழ்மையாக, பெரியவர்களை எதிர்க்காதவனாகத் தெரிந்தால் குழுவுக்கு இரக்கம் வரும் என்றுதான் அந்தச் சொற்களைப் போட்டேன். டில்லியிலிருந்து வந்திருந்த தலைவர் படித்துவிட்டு, "வெல் புட், மேடம்" என்றார். அது எட்வினுக்கு நல்லது என்றே நினைத்தேன்.

அப்பீல் செய்ய நாற்பத்தைந்து நாள் இருக்கிறது. கருணை மனுவாகப் போடச் சொல். இத்தனை வருஷ சர்வீஸ், இதுவரை ஒரு மெமோ கூட இல்லை என்பதை முதல் பத்தியில் வை. பேர்களைக் கொண்டுவராதே. ஜகதீசன் சார் இந்த ஜூலையில் ஜெனரல் மேனேஜர் ஆகப் போகிறவர். மனுவை நீயே எழுதினாலும், அனுப்பும் முன் எனக்கு ஒரு முறை காட்டினால் திருத்தித் தருகிறேன்.

ஆலை முகவரிக்கு எதுவும் எழுதாதே.

மைதிலி

*

லோத்குண்டா,
22 ஜனவரி 2024

மைதிலி,

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், அதற்கு மட்டும் பதில் இல்லை. என் வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படித்தான் பதில் தெரியாத கேள்விக்கு நிறைய எழுதுவார்கள்.

நேற்று பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினேன். நம் இடியம் நோட்டு கிடைத்தது. ஞாபகம் இருக்கிறதா? ரயில்வே ஸ்கூலில் ஒன்பதாம் வகுப்பு. நீதான் நடுவில் கோடு போட்டாய். இடது பக்கம் சின்னவர்களைச் சொல்லும் சொற்கள், வலது பக்கம் பெரியவர்களைச் சொல்லும் சொற்கள். யார் அதிகம் கண்டுபிடிக்கிறோம் என்று போட்டி. தோற்றவள் மற்றவளுக்குக் கமர்கட் வாங்கித் தர வேண்டும். நான்தான் எப்போதும் வாங்கித் தந்தேன்.

இடது பக்கத்தை இப்போது முழுவதும் படித்தேன். ஸ்மால் ஃப்ரை, அதாவது பொடி மீன். காக் இன் தி வீல், சக்கரத்தில் ஒரு பல். டாம் டிக் அண்ட் ஹாரி, பேர் இருந்தும் யாரோ. கிரேட் அன்வாஷ்ட், குளிக்காத கூட்டம். கேனன் ஃபாடர், பீரங்கிக்குத் தீனி. வலது பக்கம் பிக்விக், பெரிய பொய்முடி. டாப் பிராஸ், மேலே மின்னுகிற பித்தளை. அப்பர் கிரஸ்ட், ரொட்டியின் மொறுமொறு மேல்தோல். நம் இரண்டு அப்பன்மாரையும் வைத்து விளையாடினோமே. உங்கள் அப்பா ஆபீஸ் கிளார்க், என் அப்பா ஒர்க்ஷாப் ஃபிட்டர். உங்கள் அப்பாவை எந்தப் பக்கம் போடுவது என்று உனக்குப் பெரிய குழப்பம். கடைசியில் கோட்டின் மேலேயே எழுதினாய். உன் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது.

பவர்ஸ் தட் பி, மேலே ஆளுகிற அதிகாரங்கள், என்பதை எழுதியது நான். எங்கள் கோயிலில் பைபிளிலிருந்து வாசிக்கிற சொல் என்று பெருமையாகச் சொன்னேன். நீ அப்போதே, "இதுல யாரைச் சொல்றாங்கன்னே தெரியலையே" என்றாய். பதினாலு வயசில் உனக்கு அது தெரிந்திருந்தது. அந்தச் சொல்லில் யாரும் இல்லை. ஆள் எழுந்து போன நாற்காலி அது. அதை எடுத்து ஜகதீசன் உட்கார வேண்டிய இடத்தில் போட்டுவிட்டாய்.

தாழ்மையாகத் தெரிந்தால் இரக்கம் வரும் என்கிறாய். வந்ததா?

எட்வினுக்கு ஹிந்தி சரளமாக வரும், தெலுங்கும் வரும். டில்லிக்காரர் முன்னால் ஹிந்தியிலேயே சொல்லியிருக்கலாம். ஏன் தமிழில் பேசினாய் என்று கேட்டேன். "மைதிலிக்கா உக்காந்திருந்தாங்கல்ல, ஸ்டெல்லாக்கா. அவங்களைப் பாத்ததும் எனக்குத் தமிழ்தான் வந்துச்சு" என்றான். படித்துப் பார்க்காமல் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்றேன். என்னைப் பைத்தியக்காரி போலப் பார்த்தான். "அக்கா எழுதினதைப் படிச்சுப் பாக்கறதா? கைக்கு? எதுக்கு?" என்றான்.

கருணை மனு போட மாட்டோம். உண்மையைச் சொல்லித்தான் அப்பீல். போன் பேச்சுக்குச் சாட்சி கிடையாது, ஆலைக்குள் இருக்கும் இன்டர்காமில் எதுவும் பதிவாவதில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு சாட்சிதான் உண்டு. அவன் பேசும்போது நீ கேட்டுக்கொண்டிருந்தாய். அவன் பேசப் பேச நீ எழுதிக்கொண்ட ஸ்டெனோ நோட்டு இருக்கிறது. அது எங்கே?

ஸ்டெல்லா

*

ஹப்சிகுடா,
19 பிப்ரவரி 2024

ஸ்டெல்லா,

ஸ்டெனோ நோட்டுகள் இறுதி நகல் ஒப்புதல் ஆனதும் கிழித்துப் போடப்படும். அது எங்கள் நடைமுறை. எட்வின் விசாரணை நோட்டும் அப்படித்தான் போய்விட்டது. அதைப் பற்றி இனிமேல் கேட்காதே.

ஏப்ரல் முப்பதாம் தேதி எனக்கு ரிட்டையர்மென்ட். ஒரு கெட்ட பேர் இல்லாமல் முப்பத்தாறு வருஷம் ஓட்டியாகிவிட்டது. இந்த வீட்டில் இப்போது சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான், அவருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து. படித்துக் காட்டவில்லை என்று நான் சொன்னால் பொய்ச் சான்று கொடுத்தவள் ஆவேன். அதற்கு என்ன தண்டனை என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த விதிப் புத்தகத்தின் திருத்தங்களை எல்லாம் ஒட்டி வைத்தவளே நான்தான்.

இதில் என்னை இழுக்காதே என்று கேட்கிறேன். சிநேகிதியாகத்தான் கேட்கிறேன்.

மைதிலி

*

லோத்குண்டா,
3 மார்ச் 2024

மைதிலி,

உன் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாதது எனக்குத் தெரியாமல் இல்லை. அதை நீ எழுதிய பிறகு நாலு நாள் என்னால் கோபப்பட முடியவில்லை. உன் மேல் கோபப்படக் கூட முடியாமல் செய்துவிட்டாயே என்று அதற்கும் சேர்த்து இப்போது கோபம்.

எட்வின் நேற்று ராமசுவாமியைப் பார்க்கப் போனான். யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும், ஃபர்னஸ் கதவிலிருந்து நெருப்பு வீசியபோது எதிரில் நின்ற கான்ட்ராக்ட் ஆள். உங்கள் அறிக்கையில் அவருக்குப் பேர் கிடையாது, ஒன் கான்ட்ராக்ட் லேபர் என்றுதான் இருக்கிறது. இரண்டு கை விரல்களும் ஒட்டிக்கொண்டுவிட்டன. அவர் பெண்டாட்டி சோறு ஊட்டுகிறாள். எட்வின் அவர் காலடியில் உட்கார்ந்து, கட்டினது நான்தான் என்றானாம். அவர், "நுவ்வு காது எட்வின், நாகு தெலுசு" என்றாராம். நீ இல்லை, எனக்குத் தெரியும் என்கிறார் கை வெந்த மனுஷர். வீட்டுக்கு வந்து இவன் சாப்பிடவில்லை.

இன்றைக்கும் உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான். "அவங்களை யாராவது மிரட்டியிருப்பாங்க" என்கிறான். நான் உன்னைத் திட்டினால் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறான்.

அப்பீலைப் பிப்ரவரியிலேயே அனுப்பிவிட்டோம். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி விசாரணை. இனி நான் எழுத மாட்டேன். நோட்டில் உங்கள் அப்பா பேரைக் கோட்டின் மேல் எழுதினாயே, நீ வாழ்நாள் பூராவும் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாய். நின்றுகொள்.

ஸ்டெல்லா

*

ஹப்சிகுடா,
31 மார்ச் 2024

ஸ்டெல்லா,

இன்று உங்களுக்கு ஈஸ்டர். எங்கள் தெருவில் இருக்கும் கோயிலிலிருந்து காலையில் பாட்டுக் கேட்டது. பதினைந்து வருஷம் இந்த நாளில் உங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

எட்வின் சொன்னது தப்பு. என்னை யாரும் மிரட்டவில்லை. அப்படி மிரட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நடந்ததைச் சொல்கிறேன்.

அவன் ஜகதீசன் சார் என்று சொன்னதும் தலைவர் கையில் உருட்டிக்கொண்டிருந்த பேனா நின்றது. தமிழ் தெரியாதவருக்கும் பேர் புரியுமே. அவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவன் சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன், நக்கோவைக் கூட விடவில்லை. என் அறைக்கு வந்து டைப் செய்ய உட்கார்ந்தபோது அந்தப் பேர் வரும் இடத்தில் கை நின்றது. காபி குடித்தேன். திரும்ப உட்கார்ந்தேன். அப்போது பவர்ஸ் தட் பி என்ற சொல் தானாக வந்தது.

இதை எப்படிச் சொல்வது என்று இந்த ஆறு மாதமாகத் தெரியவில்லை. அந்தச் சொல் கிடைத்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஸ்டெல்லா. பயம் போய்விட்டது. பொய்யும் சொல்லவில்லை, பேரும் எழுதவில்லை, இங்கிலீஷும் அழகாக இருந்தது. அதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஸ்மால் ஃப்ரையைச் சேர்த்தேன். பிறகு காக் இன் தி வீல். கமர்கட் ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு.

எட்வின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். காகிதத்தை நீட்டினேன். "எங்க போடணும்க்கா?" என்றான். விரலை வைத்துக் காட்டினேன். போட்டான். படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டியிருந்தால் பேர் எங்கேக்கா என்று கேட்டிருப்பான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் படிக்கவில்லை. போகும்போது, "தேங்க்ஸ்க்கா" என்றான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டெனோ நோட்டைக் கிழிக்கவில்லை. பிப்ரவரியில் உனக்குப் பொய் எழுதினேன். கிழிக்க வேண்டிய கட்டில் அதை வைத்தேன், கட்டை அனுப்பும் முன் மறுபடி உருவி எடுத்து டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சமையலறை டிராயரில் கேஸ் ரசீதுகளுக்கு அடியில் இருக்கிறது. ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது.

என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மைதிலி

*

லோத்குண்டா,
5 ஏப்ரல் 2024

மைதிலி,

எழுத மாட்டேன் என்று சொன்னேன், எழுதுகிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உன் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. மூன்றாவது தடவை அழுதேன். அது எட்வினுக்காகவா உனக்காகவா என்று கேட்காதே.

மன்னிப்பு என்னிடம் கேட்கிற பொருள் இல்லை. நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கவில்லை. உன் கடிதத்தை அவனிடம் காட்டவும் மாட்டேன், அதை நீயே அவனிடம் சொல்ல வேண்டும்.

நோட்டு உன் டிராயரில் இருந்தால் அவன் வேலை அதில் இருக்கிறது. இருபத்திரண்டாம் தேதி காலை பத்தரை மணி. கேஸ் ரசீதுகளை ஒதுக்கிவிட்டு அதை எடுத்துக்கொண்டு போவாயா, மாட்டாயா? இதற்கு ஒரு வார்த்தையில் பதில் எழுதலாம். அதையும் எழுத வேண்டாம். போ, இல்லையென்றால் போகாதே.

ஸ்டெல்லா

*

ஹப்சிகுடா,
24 ஏப்ரல் 2024

ஸ்டெல்லா,

போனேன்.

எட்வினையும் யூனியன்காரரையும் பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள், நான் உள்ளே போனது பன்னிரண்டுக்கு. அவனை வராந்தாவில் பார்த்தேன். வழக்கம் போல எழுந்து நின்றான். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நானும் சாட்சி சொல்ல வேண்டும் என்று முந்தின வெள்ளிக்கிழமையே அப்பீல் அதிகாரிக்கு மனு கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் ஜகதீசன் சார் என் அறைக்கு வந்தார். எட்டு வருஷத்தில் அவர் என் அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "உங்க ஃபேர்வெல்லுக்கு நானே பேசணும்னு இருந்தேன், மேடம்" என்றார். இருந்தேன் என்றார். புரிந்தது. அன்று ராத்திரி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் வீட்டுக்காரரிடம். அவருக்குப் பேச்சு இன்னும் குழறுகிறது. "போ" என்பது மட்டும் தெளிவாக வந்தது.

விசாரணையில் என் வாக்குமூலத்தை எடுத்தது சுப்ரியா. நான் வேலை சொல்லிக் கொடுத்த பெண். கெட்டிக்காரி, இங்கிலீஷ் நன்றாக எழுதுவாள். நான் எல்லாம் சொன்னேன். நோட்டை வைத்தேன், ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன், ஜகதீசன் என்ற பேரை இரண்டு தடவை சொன்னேன். அரை மணியில் சுப்ரியா டைப் செய்து கொண்டுவந்தாள். அதிகாரி தன் பேனாவையே நீட்டி, கையெழுத்துப் போடுங்கள், லஞ்ச் நேரம் ஆகிறது என்றார்.

முப்பத்தாறு வருஷத்தில் நான் யாரையும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். படித்துக் காட்டு என்றேன்.

சுப்ரியாவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. படித்தாள். கம்யூனிகேஷன் கேப் அட் தி லோயர் ரங்ஸ் என்று இருந்தது. ஏணியில் கீழ்ப்படியில் நிற்கிறவர்களுக்குள் ஏதோ குழப்பமாம். ஜகதீசன் வரும் இரண்டு இடத்திலும் சர்ட்டன் ஹையர்-அப்ஸ், யாரோ சில மேலதிகாரிகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். நம் நோட்டில் இடது பக்கத்துக்கு நான் வந்து சேர்ந்துவிட்டேன், ஸ்டெல்லா. அதை எழுதியவள் என்னிடம் வேலை கற்றவள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவளையும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவள் திருத்திக் கொண்டுவந்தாள். மறுபடி படிக்கச் சொன்னேன். இந்த முறை ஒரு இடத்தில் பேர் இருந்தது, இன்னொரு இடத்தில் இல்லை. மறுபடி. மூன்றாவது தடவை நானே பக்கத்தில் நின்றேன். ஜகதீசன் தொலைபேசியில் சொன்னார், எட்வின் மறுத்தார், ஜகதீசன் மீண்டும் சொன்னார், எட்வின் கட்டினார், மைதிலியாகிய நான் பேரை விட்டுவிட்டு எழுதினேன், படித்துக் காட்டவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினது போல இருந்தது. ஒரு அழகும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

நேற்று இரண்டு காகிதம் வந்தன. ஒன்று எனக்கு மெமோ, பொய்ச் சான்று கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு. ரிட்டையர் ஆன பிறகும் விசாரணை தொடருமாம். ஃபேர்வெல் கிடையாது. இரண்டாவது எட்வினுக்கு, உங்களுக்கும் வந்திருக்கும். நீக்க உத்தரவை நிறுத்தி வைத்து, மறுவிசாரணை. அவனுடைய வாக்குமூலத்தை அவன் பேசிய மொழியிலேயே, அவன் கையெழுத்தோடு, மே ஆறாம் தேதிக்குள் தர வேண்டும்.

நோட்டைப் பார்த்து அதைத் தமிழில் அப்படியே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மூன்று பக்கம். நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை. எட்வினுக்குத் தமிழ் படிக்க வராது என்று தெரியும். நீ அவனுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடு. என் முகத்தை அவன் பார்க்க வேண்டியதில்லை. நான் உனக்கு எழுதியதை எல்லாம் அவனிடம் சொல்லிவிடு, என்னால் முடியாது.

மைதிலி

*

லோத்குண்டா,
29 ஏப்ரல் 2024

மைதிலி,

மூன்று பக்கமும் பத்திரமாக வந்தது. இன்றைக்குச் சாயங்காலம் எட்வினைக் கீழே கூப்பிட்டு உட்கார வைத்தேன். நீ எனக்கு எழுதியதைச் சொன்னேன். பெஞ்சு, காபி, சந்தோஷம், தேங்க்ஸ்க்கா, ஒன்றையும் விடவில்லை. நீ சொல்லச் சொன்னாய் என்பதால் சொன்னேன். ஆனால் அது நீ செய்ய வேண்டிய வேலை, அதையும் என் தலையில் கட்டிவிட்டாய் என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

மின்விசிறியைப் பார்த்தான். உன்னை யாரும் மிரட்டவில்லையா என்று இரண்டு தடவை கேட்டான். இல்லை என்றேன். அவன் முகம் எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. வேலை போன அன்றைக்குக் கூட அவன் அப்படி இல்லை.

சரி, இதையாவது முடிப்போம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். "ஜகதீசன் சார்தான் போன் பண்ணாரு" என்ற முதல் வரி முடிவதற்குள் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கி மடித்தான்.

"நக்கோ, ஸ்டெல்லாக்கா. நீ படிக்காதே" என்றான். "எழுதினவங்க வந்து படிக்கட்டும். அப்புறம் போடறேன் கையெழுத்து."

அவ்வளவுதான் சொன்னான். கோபமா, என்ன என்று எனக்குத் தெரியவில்லை. மாடிப்படி ஏறிப் போய்விட்டான். "மைதிலிக்கா" என்று சொல்லவில்லை, எழுதினவங்க என்றுதான் சொன்னான். அதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பதினொரு மணிக்கு வீட்டில் இருப்போம். மறுநாள்தான் ஆறாம் தேதி. காகிதம் எட்வினிடமே இருக்கிறது, அவன்தான் உன்னிடம் தருவான். உன் படிக்கிற கண்ணாடியை மறக்காமல் எடுத்து வா.

ஸ்டெல்லா